பிடிஎஃப்பை வேர்டாக மாற்றினால் தமிழ் மட்டும் ஏன் சிதறுது? வாக்காளர் பட்டியல் வரை நீளும் சிக்கல்!

அரசாணை, கோர்ட் தீர்ப்பு, வினாத்தாள், டெண்டர் அறிவிப்பு, வாக்காளர் பட்டியல்... எதுவா இருந்தாலும் இப்போ நம்ம செல்போனுக்கு பிடிஎஃப்பாகத்தான் வருது. படிச்சுட்டு விடுற வரைக்கும் பிரச்னை இல்லை. அதில் ஒரு பத்தியை எடுத்து மனுவில் சேர்க்கணும், ஒரு பெயரைத் தேடணும், ஒரு வரியைத் திருத்தணும்னு வரும்போதுதான் தலைவலி.

வேர்ட் ஃபைலாக மாற்றிப் பார்த்தால் ஆங்கிலம் ஓரளவு ஒழுங்காக வரும். தமிழ் மட்டும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறிக் கிடக்கும். சில நேரம் தமிழே இருக்காது. புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும்.

இது ஜெராக்ஸ் கடையோடு முடியற பிரச்னையா? இல்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட் வரை போன விஷயம் இது. 2025-ல் வாக்காளர் பட்டியல் சர்ச்சை நாடு முழுக்க வெடித்தபோது, மறுபடியும் இதே கேள்விதான் நடுவில் வந்து நின்றது. என்ன நடந்தது? தமிழுக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல்? பாதுகாப்பாக மாற்றுவது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பிடிஎஃப் ஏன் உருவானது?

அடோபி நிறுவனத்தின் இணை நிறுவனர் ஜான் வார்னாக், 1991-ல் 'கேம்லாட்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஒரு கம்ப்யூட்டரில் தயாரித்த பக்கம், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்தப் பிரிண்டரில் அச்சடித்தாலும் அச்சு அசலாக அதே மாதிரி தெரியணும். இதுதான் அவரோட நோக்கம். அதிலிருந்து பிறந்ததுதான் 1993-ல் வெளியான பிடிஎஃப். 2008-ல் அது ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமாகவும் ஆனது.

ஆக, பிடிஎஃப் என்பது அச்சடித்த தாளின் டிஜிட்டல் வடிவம். அதைத் திருத்தணும் என்ற எண்ணமே அதன் பிறப்பில் கிடையாது. ஒரு வேர்ட் ஃபைலுக்கு "இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை" என்று தெரியும். பிடிஎஃப்புக்குத் தெரிந்ததெல்லாம் "இந்த வடிவத்தை, பக்கத்தின் இந்த இடத்தில், இந்த அளவில் வரை" என்பதுதான். பத்தி எங்கே தொடங்குது, எங்கே முடியுதுன்னு பெரும்பாலான பிடிஎஃப்களில் குறிப்பே இருக்காது.

அதனால், பிடிஎஃப்பை வேர்டாக மாற்றும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் செய்வது ஒரே வேலைதான்: ஊகிப்பது. எழுத்துகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்த்து 'இது ஒரு சொல்' என்றும், வரிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்த்து 'இது ஒரு பத்தி' என்றும் ஊகிக்குது. ஊகம் சரியாக இருந்தால் நல்ல வேர்ட் ஃபைல். தப்பினால் குழப்பம்.

உங்க கையில் இருப்பது எந்த வகை?

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தமிழ் பிடிஎஃப்கள் மூன்று வகை. எந்த வகைன்னு கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். ஃபைலைத் திறந்து ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடிங்க. சொல் செலக்ட் ஆனால் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் பேஸ்ட் பண்ணிப் பாருங்க.

* தமிழாகவே வந்தால்: யுனிகோட் முறையில் உருவான ஃபைல். மூன்றில் இதுதான் சுலபம்.
* புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தால்: பழைய ஃபாண்ட்டில் டைப் செய்த ஃபைல்.
* சொல்லே செலக்ட் ஆகலைன்னா: அது ஸ்கேன் செய்த படம். அதில் எழுத்துன்னு எதுவும் இல்லை. எழுத்தின் போட்டோதான் இருக்கு.

இந்த மூன்றுக்கும் ஒரே கன்வெர்ட்டரைப் பயன்படுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. மூன்றும் வேற வேற நோய். மருந்தும் வேற வேற.

கொம்பும் காலும் ஏன் இடம் மாறுது?

முதல் வகையிலேயே தமிழ் சிதறுவதற்கு நம் எழுத்தின் அமைப்பு ஒரு காரணம். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்குவோம். தாளில் முதலில் கொம்பு, அப்புறம் 'க', அதற்குப் பிறகு கால். ஆனால் யுனிகோட் முறையில் கம்ப்யூட்டர் சேமிப்பது வேறு வரிசையில்: முதலில் 'க', அடுத்துதான் 'ஒ'கரக் குறி. அதாவது நாம் உச்சரிக்கும் வரிசை.

பிடிஎஃப்போ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களை அடுக்கி வைக்குது. எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்குது என்று சொல்லும் ஒரு அட்டவணையும் ஃபைலுக்குள் இருக்கணும். ஃபைலை உருவாக்கிய சாஃப்ட்வேர் அந்த அட்டவணையைச் சரியாக எழுதவில்லை என்றால், கன்வெர்ட்டர் கொம்பைத் தனியாக, 'க'வைத் தனியாக, காலைத் தனியாக எடுத்துப் போடும். 'கொ, கோ, கௌ' வரிசையில்தான் அதிகச் சேதம் நடக்கும். 'கெ, கே, கை' வரிசையும் தப்பாது. ஆங்கிலத்தில் எழுத்துகள் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

'தமிழ்' எப்படி 'ஜே, கே, பி, ஓ' ஆனது?

இரண்டாவது வகைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. யுனிகோட் பரவலாவதற்கு முன்பு, தமிழை கம்ப்யூட்டரில் காட்ட ஒரு குறுக்குவழியைக் கையாண்டாங்க. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்துவிடுவது. பார்ப்பவருக்குத் தமிழ், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான்.

உதாரணமாக, இலங்கையிலும் தமிழ்நாட்டு அச்சகங்களிலும் பிரபலமான பாமினி ஃபாண்ட்டில் 'தமிழ்' என்று டைப் செய்தால், ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். பாமினி இல்லாத செல்போனில் அதை பேஸ்ட் செய்தால் அந்த ஐந்தும்தான் தெரியும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நீண்ட காலம் புழங்கிய வானவில் ஃபாண்ட்டுக்கு வேறு வரிசை. டாம், டாப், டிஸ்கி என ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வரிசை.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில், யுனிகோடையும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால் ஆணை வந்ததும் பழைய ஃபைல்கள் தானாக மாறிடாது. பாட நூல், அகராதி, துறை அறிக்கை, மலர்கள் என அதற்கு முன் உருவான பல ஆயிரம் பக்கங்கள் பழைய ஃபாண்ட்டிலேயே பிடிஎஃப்பாக உறைந்து கிடக்கு. கூகுளில் தேடினால் அவை கிடைக்காது. ஏன்னா, தேடுபொறியின் கண்ணில் அவை தமிழே இல்லை.

மூன்றாவது வகை: பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, ஸ்கேன்!

பல அலுவலகங்களில் நடப்பது இதுதான். வேர்டில் டைப் செய்வாங்க. பிரிண்ட் எடுப்பாங்க. அதிகாரி கையெழுத்து போடுவார், சீல் விழும். அந்தத் தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக இணையத்தில் ஏற்றுவாங்க. அசல் ஃபைலில் எழுத்தாக இருந்தது, இணையத்துக்கு வரும்போது படமாகிவிடும்.

அந்தப் படத்திலிருந்து எழுத்தை மீட்கும் தொழில்நுட்பத்தின் பெயர் ஓசிஆர். இதில் பெயர்பெற்றது 'டெசராக்ட்'. 1980-களில் எச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005-ல் திறமூலமாக வெளியானது. பிறகு கூகுள் ஆதரவில் வளர்ந்தது. தமிழையும் படிக்கும். கூகுள் டிரைவுக்குள்ளும் ஓசிஆர் வசதி இருக்கு. தெளிவான அச்சு என்றால் இன்றைய ஓசிஆர் தமிழை நன்றாகவே படிக்குது.

ஆனால் 'நன்றாக' என்பது எவ்வளவு? ஒரு கணக்கு போடுவோம். நூறு எழுத்துக்கு ஒரு தப்பு, அதாவது 99 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையா இருக்கு. ஆனால் எட்டு எழுத்து கொண்ட பெயர் முழுசாகச் சரியாக வரும் வாய்ப்பு சுமார் 92 சதவீதம்தான். நூறு பெயரில் எட்டு பெயர் தப்பாகும். தமிழில் 'ர'வும் காலும், 'ன'வும் 'ள'வும் மங்கலான ஸ்கேனில் ஒன்று போலத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி ஒரு தூசி அளவுதான். அது விடுபட்டால் 'க்' என்பது 'க' ஆகிவிடும்.

கட்டுரையில் இது எழுத்துப்பிழை. பெயர்ப் பட்டியலில் இது வேறொரு ஆள்.

சுப்ரீம் கோர்ட் சொன்ன 'சொந்த முயற்சி'

இப்போ வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். 2018-ல் மத்தியப் பிரதேச சட்டமன்றத் தேர்தலுக்கு முன், காங்கிரஸ் தலைவர் கமல்நாத் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வரைவு வாக்காளர் பட்டியலைப் படமாகத் தராமல், தேடக்கூடிய எழுத்து வடிவில் தரணும் என்பது அவரது கோரிக்கைகளில் ஒன்று. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்காரா என்று சரிபார்க்க அது வேணும் என்பது வாதம்.

வாக்காளர்களின் தகவல் மொத்தமாகச் சுரண்டப்பட்டு தவறாகப் பயன்படுத்தப்படலாம், தனியுரிமை பாதிக்கப்படலாம் என்பது தேர்தல் ஆணையத்தின் பதில். நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு 2018 அக்டோபரில் கோரிக்கையை ஏற்கவில்லை. மனுதாரர் விரும்பினால் சொந்த முயற்சியில் அதைத் தேடக்கூடிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பு கூறியது.

அந்தச் சொந்த முயற்சி எவ்வளவு பெரியது? தமிழ்நாட்டையே எடுத்துக்கலாம். எஸ்ஐஆர் எனும் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 5.43 கோடி பெயர்கள் இருந்தன. நீக்கப்பட்டவை சுமார் 97 லட்சம். வாக்காளர் பட்டியலின் ஒரு முழுப் பக்கத்தில் மூன்று வரிசையாக 30 பேர் வரை இருப்பாங்க. 5.43 கோடியை 30-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18 லட்சம் பக்கம்!

ஒவ்வொரு பக்கத்தையும் ஓசிஆர் செய்யணும். மூன்று வரிசைகளும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிக்கணும். அதற்குப் பிறகு மேலே சொன்ன 'நூறுக்கு எட்டு' கணக்கைப் போட்டுப் பாருங்க. லட்சக்கணக்கான பெயர்களைக் கண்ணால் பார்த்துத் திருத்தணும். ஒரு பெயரைத் தேடி அது வரவில்லை என்றால், பட்டியலில் இல்லையா, ஓசிஆர் தப்பாகப் படித்ததா என்றே தெரியாது.

2025 ஆகஸ்ட் 7-ல் கர்நாடகாவின் மகாதேவபுரா தொகுதி பற்றி ராகுல் காந்தி குற்றச்சாட்டு வைத்தபோதும் இதே விஷயம் வந்தது. கணினியால் படிக்க முடியாத வடிவில் பட்டியல் தரப்பட்டதால், ஒரே ஒரு தொகுதியைச் சரிபார்க்க ஆறு மாதம் ஆனதாகச் சொன்னார். சில நாளில் பதில் அளித்த தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார், வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டு யாரும் தேடலாம், ஆனால் கணினி படிக்கும் வடிவில் முழுப் பட்டியலைத் தருவது தனியுரிமைக்கு ஆபத்து என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை மேற்கோள் காட்டினார்.

இதற்கிடையே, பீகார் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பேரின் விவரத்தை, அட்டை எண் கொண்டு தேடும் வசதியுடன் வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. எதை எந்த வடிவில் தருவது என்பதுதான் அந்த உத்தரவின் மையம்.

படமாகத் தந்தால் தனியுரிமை காக்கப்படுமா?

ஆணையத்தின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மாநிலத்தின் அத்தனை பேரின் பெயர், வயது, வீட்டு எண், உறவினர் பெயர் ஒரே எக்செல் ஷீட்டில் கிடைத்தால், மோசடிக் கும்பலுக்கு அது கொண்டாட்டம்தான்.

ஆனால் படம் என்பது பூட்டு கிடையாது. அது ஒரு வேகத்தடை. பெரிய கம்ப்யூட்டர்களும் பணமும் உள்ள நிறுவனத்துக்கு 18 லட்சம் பக்கத்தை ஓசிஆர் செய்வது செலவுதானே தவிர, முடியாத காரியம் இல்லை. கூட சில தப்பு இருந்தாலும் விளம்பரத் தொழிலுக்கு அது போதும். தப்பே இருக்கக் கூடாது என்ற நிலையில் இருப்பவர் யார்? தன் தெருவில் யார் பெயர் விடுபட்டிருக்கு என்று பார்க்கும் சாதாரண குடிமகன், வார்டு அளவில் வேலை பார்க்கும் கட்சிக்காரர், மாவட்ட நிருபர். வேகத்தடையில் மாட்டிக்கொள்வது இவங்கதான்.

இன்னொரு தரப்பும் இருக்கு. பார்வைத்திறன் இல்லாதவர்கள் செல்போனில் 'ஸ்கிரீன் ரீடர்' மூலம்தான் படிக்கிறாங்க. படமாக இருக்கும் பிடிஎஃப்பைத் திறந்தால், படிக்க எழுத்தே இல்லாததால் அது மௌனமாகிவிடும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்கணும் என்று சொல்லுது.

வாக்காளர் பட்டியலுக்காவது தனியுரிமை என்ற காரணம் இருக்கு. அரசாணைக்கு? பட்ஜெட் உரைக்கு? டெண்டர் விதிமுறைக்கு? அவை மறைக்கவேண்டிய தகவலே இல்லை. 2012-ல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய தரவுப் பகிர்வுக் கொள்கையே, பகிரத்தக்க அரசுத் தரவு மனிதரும் கணினியும் படிக்கும் வடிவில் இருக்கணும் என்றுதான் சொல்லுது.

கவனிக்க வேண்டிய விஷயம்: 2022 ஆகஸ்டில் ஸ்டேட் வங்கி தொடர்ந்த ஒரு வழக்கில், நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா அமர்வு, தீர்ப்புகளை பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து ஏற்றும் பழக்கம் பயனற்றது, நேரத்தை வீணாக்குவது என்று கூறியது. டிஜிட்டல் கையெழுத்துடன் நேரடியாக ஏற்றணும் என்றும் அறிவுறுத்தியது. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே டிஜிட்டல் கையெழுத்துக்கு அங்கீகாரம் தந்திருக்கு. ஆக, 'சீல் வேணுமே' என்பது இனி காரணமாக நிற்காது.

சரி, நாம எப்படி மாற்றுவது?

யுனிகோட் ஃபைல் என்றால்: கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் வேர்ட் 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், பிடிஎஃப்பை நேரடியாக அதிலேயே திறக்கலாம். வேர்டே மாற்றிக் கொடுக்கும். வேற வெப்சைட் தேவையில்லை. கொம்பும் காலும் ரொம்பச் சிதறினால், அந்த ஃபைலையும் படமாகவே கருதி ஓசிஆர் செய்வது பல நேரம் நல்ல பலன் தரும்.

பழைய ஃபாண்ட் என்றால்: எழுத்தைக் காப்பி செய்து, ஃபாண்ட் மாற்றியில் போடணும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள் இருக்கு. எந்த ஃபாண்ட் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஃபைலின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் ஃபாண்ட் பெயர் இருக்கும். நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்கள் மாற்றத்தில் தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றைக் கையால் திருத்தணும்.

ஸ்கேன் படம் என்றால்: கூகுள் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டர் பிரவுசரில் அந்த ஃபைலை ரைட் கிளிக் செய்து 'கூகுள் டாக்ஸ்' மூலம் திறங்க. எழுத்தாக மாறி வரும். ஃபைல் 2 எம்பிக்குள், பக்கம் நேராக இருந்தால் நல்லது. பெரிய ஃபைலைச் சின்னச் சின்னதாகப் பிரிச்சுக்கலாம். ஒரே ஒரு பத்தி போதும் என்றால் செல்போனில் கூகுள் லென்ஸே போதுமானது.

எந்த வழியில் மாற்றினாலும் பெயர், தேதி, தொகை, சர்வே எண் இந்த நான்கையும் அசலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எங்கேயும் பயன்படுத்தாதீங்க.

'ஃப்ரீ கன்வெர்ட்டர்' உஷார்!

கூகுளில் தேடினால் இலவசமாக மாற்றித் தரும் வெப்சைட்டுகள் வரிசை கட்டி நிற்கும். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் பிரிவு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. சில போலி கன்வெர்ட்டர்கள் கேட்ட வேலையைச் செய்து கொடுத்துக்கொண்டே, திரும்பத் தரும் ஃபைலில் மால்வேரைச் சேர்த்து அனுப்புது, ஏற்றிய ஃபைலில் உள்ள அடையாள எண், வங்கி விவரங்களையும் சுரண்டுது என்பதுதான் அது. வேலை முடிந்துவிடுவதால் ஏமாந்ததே தெரியாது.

ஆதார், பான், பத்திரம், வங்கி ஸ்டேட்மென்ட், மருத்துவ அறிக்கை இதையெல்லாம் முன்பின் தெரியாத வெப்சைட்டில் ஏற்றவே ஏற்றாதீங்க. மாற்றித் தரும் ஃபைல் வேர்டாக இல்லாமல், இன்ஸ்டால் செய்யச் சொல்லும் ஆப்பாக வந்தால் அப்படியே டெலிட் செய்துடுங்க.

யார் வேலை இது?

ஒரு அலுவலகத்தில் ஒருவர், அசல் ஃபைலை யுனிகோடில் டைப் செய்து, ஸ்கேன் செய்யாமல் நேரடியாக பிடிஎஃப்பாக சேமித்து, டிஜிட்டல் கையெழுத்துடன் ஏற்றினால் வேலை முடிந்தது. பிரிண்ட், ஸ்கேன் என்று அலையும் நேரமும் மிச்சம். அதை அவர் செய்யாதபோது, படிக்கும் ஆயிரம் பேர் ஆயிரம் முறை தனித்தனியாக மாற்றி, ஆயிரம் விதமான தப்புகளோடு உட்கார்ந்திருக்காங்க.

நீங்களும் ஒன்று செய்யலாம். அரசு அலுவலகத்தில் ஆவணம் கேட்கும்போது, ஆர்டிஐ மனுவிலும்கூட, 'ஸ்கேன் நகலோடு, இருந்தால் யுனிகோட் எழுத்து வடிவிலும் தரவும்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்க. மின்னணு வடிவில் இருக்கும் தகவலை அந்த வடிவிலேயே கேட்க ஆர்டிஐ சட்டத்தில் இடம் இருக்கு. கேட்கிறவங்க கூடினால், ஸ்கேன் செய்யும் பழக்கமும் மாறும்.